கவிழ்த்து வைத்த துருப்பு

என்னிடம் 41 சீட்டுக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றைத்தான் இதுவரை பிரித்திருக்கிறேன். மற்றவை கடையில் வாங்கியபோது சுற்றியிருந்த கண்ணாடித்தாள் கிழியாமல் அப்படியே இருக்கின்றன.

மென்பொருள் வேலையில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு கிறுக்கு இருக்கும். என் டீமில் ஒருவன் போன ஊரிலெல்லாம் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் வாங்குவான். அவன் வீட்டு ஃப்ரிட்ஜின் நிறம் என்ன என்று யாருக்கும் தெரியாது. நான் சீட்டுக்கட்டு வாங்கினேன். எடை இல்லை, உடையாது, கைப்பையில் ஒரு மூலையில் கிடக்கும். 300 ரூபாய்க்கு 52 படம். லிஸ்பனின் டிராம் வண்டிகள், ஆம்ஸ்டர்டாமின் நீலப் பீங்கான் ஓவியங்கள், கியோட்டோவில் வாங்கிய மலர்ச்சீட்டு, ஒரு பழைய பொருள் கடையில் சிக்கிய ஏர் இந்தியா மகாராஜா கட்டு. விமானத்தில் பயணிகளுக்குச் சும்மா கொடுத்த மகாராஜாவை நான் காசு கொடுத்து வாங்கினேன். அமெரிக்க ரயில் கம்பெனிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தங்கள் பாதையிலுள்ள மலைகளையும் பாலங்களையும் 52 புகைப்படங்களாக அச்சிட்டு ரயிலுக்குள் விற்றிருக்கின்றன. ஆகவே இந்தக் கிறுக்கில் நான் முதல் ஆள் இல்லை.

போன வருஷம் பெங்களூரில் வீடு மாற்ற வேண்டி வந்தது. புது வீட்டில் அலமாரி இல்லை என்பதால் கட்டுகளை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு விக்கிரமசிங்கபுரத்துக்கு எடுத்துப் போனேன். வி.கே.புரம் என்றால்தான் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பார்கள். பாபநாசம் மலைக்குக் கீழே தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் இடத்தில், ஒரு பஞ்சு மில்லைச் சுற்றி வளர்ந்த ஊர். ஹார்வி சகோதரர்கள் என்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் 1880களில் ஆற்று நீரின் விசையை நம்பி இங்கே மில் கட்டினார்கள். அப்பா அதில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அப்பா பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மடியில் சாவந்த்வாடியில் வாங்கிய மரப்பேழை. உள்ளேயிருந்த வட்டச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன், ஆமை, கோடரி. நான் பிரித்த மூன்றில் அது ஒன்று.

"ஏல, இத வச்சி எப்படில வெளையாடுவாவ?"

"தெரியாதுப்பா."

"வெல என்ன?"

சொன்னேன். விலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "வெளையாடத் தெரியாமயா இம்புட்டு வாங்கி வச்சிருக்க" என்று மட்டும் கேட்டார். எனக்கு அது சுருக்கென்றது. அதன்பின் சில மாதங்கள் இந்த வட்டச் சீட்டுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்தக் கட்டுரை அப்பாவுக்கான தாமதமான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வட்டச் சீட்டுகளுக்குப் பெயர் கஞ்சீஃபா. பாரசீகத்திலிருந்து வந்த பெயர். இந்தியாவில் சீட்டு பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு பாபரின் தன்வரலாற்றில் இருக்கிறது. 1527 ஜூன் மாதம், சிந்துப் பகுதியின் தட்டாவிலிருந்த ஷா ஹசனுக்கு பாபர் ஓர் ஆள் மூலம் கஞ்சீஃபா அனுப்பிவைக்கிறார். ஷா ஹசனுக்கு அது பிடிக்கும், கேட்டிருந்தார், அனுப்பினேன், அவ்வளவுதான் குறிப்பு. பானிபட் போர் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கிறது. ஒரு சாம்ராஜ்யத்தை நிறுவிக்கொண்டிருக்கும் மனிதர் நடுவில் நண்பருக்குச் சீட்டுக்கட்டு பார்சல் போடுகிறார். நம் நாட்டு எழுத்தில் சீட்டு நுழைவதே தொலைவிலிருக்கும் ஒருவருக்கு அனுப்பிய பரிசாகத்தான் என்று படித்தபோது, என் அட்டைப்பெட்டிக்கு ஒரு வம்சாவளி கிடைத்த மாதிரி கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஆனால் ஷா ஹசன் அதை அலமாரியில் வைக்கக் கேட்டிருக்க மாட்டார்.

பாபரின் பேரன் காலத்தில் அபுல் ஃபசல் அய்ன்-இ-அக்பரியில் சீட்டுக்கென்று தனியாக எழுதியிருக்கிறார். பழைய கட்டில் 12 இனம், இனத்துக்கு 12 சீட்டு, மொத்தம் 144. குதிரைப்படையின் அரசன் அசுவபதி, யானைப்படைக்குக் கஜபதி, காலாட்படைக்கு நரபதி, கப்பல்களுக்கு நவபதி, பாம்புகளுக்கு அஹிபதி என்று ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு ராஜா. அக்பர் அதைத் தன் நிர்வாகத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தார். பரவலாக நிலைத்தது 8 இனங்களும் 96 சீட்டுகளும் கொண்ட மொகலாயக் கட்டு. கிரீடம், வெள்ளிக் காசு, வாள், அடிமை, யாழ், பொற்காசு, ஆவணம், சரக்கு. எனக்கு இதைப் பார்த்ததும் ஆபீசில் மாட்டியிருக்கும் நிர்வாக வரைபடம்தான் நினைவுக்கு வந்தது. கஜானா, கிடங்கு, எழுத்தர் பிரிவு, ஆயுதசாலை. ஓர் அரண்மனையை எட்டு இலாகாவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஜா, ஒரு மந்திரி, 1 முதல் 10 வரை ஊழியர்கள்.

விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. பாதி இனங்களில் 10 பெரியது, 1 சிறியது. மீதிப் பாதியில் தலைகீழ். ராஜாவுக்கும் மந்திரிக்கும் அடுத்தது 1, கடைசியில்தான் 10. எந்த இனம் எந்தப் பக்கம் என்பதை மனதில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். பகலில் ஆடினால் பொற்காசு ராஜா வைத்திருப்பவர் ஆட்டத்தைத் தொடங்குவார். இரவில் வெள்ளி ராஜா. சூரியனும் நிலாவும் என்று வைத்துக்கொள்ளலாம். விஷ்ணுவின் பத்து அவதாரங்களை இனங்களாக்கிப் பின்னால் வந்த 120 சீட்டுத் தசாவதாரக் கட்டிலும் இதே ஏற்பாடு. பகலென்றால் ராமன், இரவென்றால் கிருஷ்ணன். மாலை ஆறு மணியை ஒட்டிக் கட்டைக் கலைத்தவர்கள் என்ன சண்டை போட்டிருப்பார்களோ.

சீட்டு செய்யும் முறையை விவரமாகப் படித்தது மேற்கு வங்காளத்தின் பிஷ்ணுபூரைப் பற்றித்தான். அங்கே ஃபவுஸ்தார் குடும்பத்தினர் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். பழந்துணியைப் பல அடுக்காகப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, வழவழப்பாகத் தேய்த்து, வட்டமாக வெட்டி, முன்பக்கம் படம் எழுதி, பின்பக்கம் அரக்கு ஏற்றுவார்கள். புளியங்கொட்டை என்றதும் அப்பா நிமிர்ந்தார். நெசவுக்கு முன் பாவு நூலுக்கு விறைப்பேற்றப் பயன்படும் பசை அது. "நம்ம சாமான்தானா" என்றார். பணக்காரர்கள் தந்தத்திலும் ஆமையோட்டிலும் செய்துகொண்டார்கள். மற்றவர்களுக்குத் துணியும் காகிதமும்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தவர் மைசூரின் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1799இல் திப்பு வீழ்ந்ததும் ஆங்கிலேயர்கள் அரியணையில் ஏற்றிய குழந்தை. 1831இல் அதே ஆங்கிலேயர்கள் நிர்வாகத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1868இல் இறக்கும்வரை பட்டம் இருந்தது, ஆட்சி இல்லை. நடத்துவதற்கு ராஜ்யம் இல்லாத ராஜா ஆட்டங்களை உருவாக்கினார். ஸ்ரீதத்துவநிதி என்ற அவருடைய பெருநூலில் கௌதுகநிதி என்ற பகுதி விளையாட்டுகளுக்கானது. சத் எனப்படும் மைசூர்ச் சீட்டுகள் 36 சீட்டில் தொடங்கி 360 சீட்டுவரை போகின்றன. பெரிய கட்டில் 18 இனங்கள், ஒவ்வொரு இனத்திலும் 20 சீட்டு. தெய்வங்கள், கோள்கள், வாகனங்கள் என்று ஒரு பிரபஞ்சமே கட்டுக்குள் அடங்கியிருந்தது. கையில் 90 சீட்டை விசிறி மாதிரி விரித்துப் பிடிக்கும் மனிதரை நினைத்துப் பாருங்கள். சீட்டுக்கு ஒரு அரசாங்கம் என்று அக்பர் செய்ததை, இவர் அரசாங்கம் போனபின் செய்தார். எனக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. வேலை போனபின் ஆறு மாதம் யாருமே கேட்காத ஒரு செயலியை எழுதிக்கொண்டிருந்த நண்பன் எனக்கு உண்டு.

மைசூர் ஆட்டங்கள் அரண்மனையைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. மற்ற இடங்களிலும் 19ஆம் நூற்றாண்டில் கஞ்சீஃபா தேயத் தொடங்கியது. காரணம் எளிது. கையால் 120 சீட்டு எழுத வாரக்கணக்காகும். ஐரோப்பாவில் இயந்திரம் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியது. 52 சீட்டு, விலை மலிவு, கையில் பிடிக்கச் சுலபம். இதில் ஒரு வேடிக்கை: இங்கிலாந்துச் சீட்டு உற்பத்தியாளர்கள் தங்கள் கட்டுகளைத் தரவாரியாகப் பெயரிட்டபோது உயர்தரத்துக்கு வைத்த பெயர் 'மொகல்'. உறையில் தலைப்பாகையோடு ஒரு மொகலாய அரசன் படம். மொகலாயச் சீட்டை ஒழித்த சீட்டுக்கு அந்தப் பெயர்.

அரண்மனைகள் மங்கின, சித்திரக்காரர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். சாவந்த்வாடியில் 1970களின் தொடக்கத்தில் கஞ்சீஃபா எழுதத் தெரிந்தவராக வயதான ஒரே ஒரு கைவினைஞர் மிஞ்சியிருந்தார். சிவராம் ராஜே போன்ஸ்லேயும் ராணி சத்வசீலா தேவியும் அவரிடமிருந்து தொழிலைக் கற்று, கற்பித்து, அரண்மனைக்குள்ளேயே பட்டறை அமைத்தார்கள். கோவா போகிற வழியில் நான் நின்று பேழை வாங்கியது அந்த தர்பார் மண்டபத்தில்தான். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்த எங்களில் ஒருவர்கூட ஆட்டவிதியைக் கேட்கவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது சுவரில் மாட்ட ஒரு செட், கொலுவில் வைக்க ஒரு செட்.

சேகரிப்பாளர்களில் ருடால்ஃப் வான் லேய்டனைச் சொல்லாமல் விட முடியாது. படிப்பால் நிலவியலாளர், 1933இல் பம்பாய்க்கு வந்த ஜெர்மானியர். டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஓவிய விமர்சனம் எழுதி, ஹுசைன், சூசா, ரஸா போன்ற இளைஞர்களைத் தூக்கிவிட்டவர்களில் ஒருவர். இந்தியச் சீட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், ஆராய்ந்தார். மைசூர்ச் சீட்டுகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1982இல் அவருடைய கஞ்சீஃபா நூலை வெளியிட்டது. அடுத்த வருஷம் இறந்துபோனார். இன்று கஞ்சீஃபா பற்றி யார் எழுதினாலும் அவரிடம் கடன் வாங்காமல் முடியாது. நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அப்பாவின் கேள்வி அங்கேயேதான் இருக்கிறது. அருங்காட்சியகங்களில் சீட்டு இருக்கிறது. கடையில் புதுச்சீட்டு கிடைக்கிறது. புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டோம். ஒடிசாவில் சில கிராமங்களில் வயசாளிகள் இன்னும் கஞ்சபா என்று ஆடுகிறார்கள். மற்றபடி ஆட்டம் காலி. என் போன்ற ஆட்கள் வாங்காவிட்டால் கைத்தொழிலும் போயிருக்கும் என்பது உண்மை. நாங்கள் வாங்குவதால் ஆடத் தேவையில்லாத சீட்டாகவே அது உயிர்வாழ்கிறது என்பதும் உண்மை. சில செட்டுகளின் ஓவியம் அவ்வளவு நுணுக்கம், ஒரு முறை தரையில் சுழற்றி எறிந்தாலே வண்ணம் உதிரும் என்று பயமாக இருக்கும். ஆடுவதற்கென்று யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

கணினி படித்தவன் என்பதால் ஒரு கணக்கு. 52 சீட்டை அடுக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது. நன்றாகக் கலைத்த ஒரு கட்டின் வரிசை உலகத்தில் இதற்கு முன் எந்தக் கையிலும் வந்திருக்க வாய்ப்பே இல்லை எனலாம். என் 38 கட்டுகளும் ஃபேக்டரி வைத்த வரிசையிலேயே இருக்கின்றன.

இப்போது அப்பா ஆடிய ஆட்டத்துக்கு வருகிறேன். அதற்குப் பெயர் முன்னூத்தி நாலு. ஷிப்ட் முடிந்து வந்ததும் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. அப்பாவின் ஜோடி ரிங் பிரேமில் அவரோடு வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி. கண்ணடிக்காமல், கனைக்காமல், இருவரும் ஒருவர் கையை ஒருவர் அறிவார்கள் என்று தெருவில் பேச்சு. அம்மாவுக்கு இது ஆகாது. காசு வைத்து ஆடவில்லை என்று அப்பா சத்தியம் செய்வார். அம்மா நம்ப மாட்டாள். அவள் தெருப்பெண்களிடம் சீட்டு பிடித்துக்கொண்டிருந்தாள், மாதச் சீட்டு. "அவ சீட்டு போட்டா நல்ல சீட்டு, நா போட்டா கெட்ட சீட்டா" என்பது அப்பாவின் நிரந்தர நகைச்சுவை. ஒரு நாள் சண்டை முற்றி, அம்மா அந்தக் கட்டை வெந்நீர் அடுப்பில் போட்டாள். பிளாஸ்டிக் பூச்சு எரிந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. அதற்கப்புறம் அவள் என்னை முன்னால் நிறுத்திச் சீட்டைத் தொட மாட்டேன் என்று சொல்ல வைத்தாள். நான் சொன்னபடியே இருந்துவிட்டேன். வாங்கினேன், தொடவில்லை.

முன்னூத்தி நாலுக்கு 32 சீட்டு போதும். 2 முதல் 6 வரை ஒதுக்கிவிட வேண்டும். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. சீட்டின் பலமும் இதே வரிசைதான். ராசாவையும் ராணியையும் ஒன்பது அடிக்கும். எல்லாவற்றையும் ஜாக்கி அடிக்கும். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அது என்ன இனமோ அதுதான் துருப்பு. அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்புறம் மீதி நாலு சீட்டு வரும்.

ராசாவை ஒன்பது அடிக்கும் இந்த வினோத வரிசை எங்கள் ஊர்க்காரர்கள் கற்பனை என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். ஆம்ஸ்டர்டாமில் உடன் வேலை பார்த்தவர்கள் மதிய இடைவேளையில் சீட்டாடுவதை வேடிக்கை பார்த்தபோது தூக்கிவாரிப்போட்டது. நெதர்லாந்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஆட்டம் க்ளாவர்யாஸ். அதுவும் 32 சீட்டு, எதிரெதிர் ஜோடி. துருப்பு இனத்தில் ஜாக்கிதான் பெரியது, அடுத்தது ஒன்பது, அப்புறம் ஆசு, பத்து, ராசா, ராணி. ஜாக்கிக்கு 20, ஒன்பதுக்கு 14. ஆசுக்கு 11, பத்துக்கு 10. கடைசி இரண்டு எண்கள் அச்சு அசலாக எங்கள் திண்ணைக் கணக்கு. இதே குடும்பத்தின் இன்னொரு கிளை சுவிட்சர்லாந்தில் யாஸ் என்ற பெயரில் தேசிய ஆட்டம் போல ஆடப்படுகிறது. முன்னூத்தி நாலை இலங்கையிலும் ஆடுகிறார்கள். கேரளத்தின் இருபத்தெட்டும் ஜாக்கியும் ஒன்பதும் பெரியதாகிய ஆட்டம்தான்.

அப்புறம் சொற்கள். நாம் கிளாவர் என்கிறோம். ஆங்கிலத்தில் அது கிளப்ஸ், டச்சில் க்ளாவர். ஆட்டின் என்கிறோம், டச்சில் ஹார்த்தன். ஏஸ் என்று பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவன்தான் சொல்வான், மற்றவர்களுக்கு ஆசு. டச்சில் ஆஸ். துருப்பை டச்சுக்காரர்கள் த்ரூஃப் என்பார்கள். இஸ்பேட் மட்டும் வேறு ஜாதி, போர்த்துகீசியத்தில் எஸ்பாத என்றால் வாள். சிங்களத்தில் நாலு இனத்துக்குமே டச்சுப் பெயர்தான்: இஸ்கோப்ப, கலாபர, ருயித, ஹார்த.

வி.கே.புரத்திலிருந்து ஆறு போகிற திசையில் போனால் தூத்துக்குடி சுமார் 100 கிலோமீட்டர். அந்த முத்துக்குளித்துறையில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் இருந்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். நடுவில் சில வருஷங்கள் கைமாறியது போக, 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்வரை அவர்கள்தான். முத்தும் சங்கும் துணியும் வாங்கினார்கள். மாலையில் கப்பல் தளத்திலோ கிட்டங்கி வாசலிலோ சீட்டுப் போட்டிருப்பார்கள். பக்கத்தில் நின்று பார்த்த யாரோ கற்றுக்கொண்டிருப்பார்கள். இதற்கு நான் காட்டும் சாட்சி இந்தச் சொற்களும் 11, 10 என்ற இரண்டு எண்களும்தான். என் அளவில் போதும். டச்சுக்காரர்கள் போய் 200 வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் கட்டிலிருந்த ஒரு சீட்டுகூட இந்தப் பக்கம் யார் வீட்டிலும் இருக்காது. எல்லாம் ஆடி ஆடி முனை மழுங்கி, கிழிந்து, அடுப்பில் போயிருக்கும். ஆட்டம் மட்டும் கையிலிருந்து கைக்கு மலைவரைக்கும் ஏறி வந்திருக்கிறது.

கியோட்டோவில் வாங்கிய மலர்ச்சீட்டுக்கும் இப்படி ஒரு கதை. போர்த்துகீசிய மாலுமிகள் கொண்டுபோன சீட்டைத்தான் ஜப்பானியர்கள் கருத்தா என்றார்கள், 'கார்த்தா' என்ற போர்த்துகீசியச் சொல்தான் அது. சூதாட்டத் தடைகளுக்குத் தப்பி உருமாறி, கடைசியில் மாதத்துக்கொரு பூவாக 12 மாதம், 48 சீட்டு என்று ஹனஃபூதா ஆனது. அதை அச்சடிக்க 1889இல் கியோட்டோவில் தொடங்கிய கடையின் பெயர் நின்டென்டோ. மாரியோவின் தாத்தா சீட்டுக்கடைக்காரர்தான்.

அப்பாவின் ஜோடி அண்ணாச்சி ஒன்பது வருஷத்துக்கு முன் இறந்துபோனார். இன்னொருவர் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். மூன்றாமவருக்குக் கண் தெரியவில்லை. அப்பா அதன்பின் ஆடவில்லை. நாலு கை சேராமல் ஆட முடியாத ஆட்டம் அது. ஒருநாள் போனில் யாரோ இறக்கிக் கொடுத்த ரம்மி செயலியைத் திறந்து பார்த்தார். "மூஞ்சி இல்லாதவன்கூட என்ன வெளையாட்டு" என்று மூடிவிட்டார். நல்லவேளை. அந்தச் செயலிகளில் சம்பளத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அக்பரையும் மைசூர் ராஜாவையும் ஊம் கொட்டிக் கேட்டார். தூத்துக்குடி டச்சுக்காரர்கள் கதை வந்ததும்தான் உட்கார்ந்திருந்த விதம் மாறியது. "எங்க, அந்த ஊரு சீட்ட எடு பாப்போம்."

ஆம்ஸ்டர்டாம் கட்டை எடுத்தேன். கண்ணாடித்தாளை நகத்தால் கீறும்போது ஒரு கணம் கை தயங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்பா வாங்கி, மேலாகத் தட்டி, மளமளவென்று 2 முதல் 6 வரை உருவி ஒதுக்கினார். காற்றாலை, துலிப், பாலம், படகு என்று 20 நீலப் படங்கள் பாயோரம் போய் விழுந்தன. நான் அந்தக் கட்டை வாங்கியதே அவற்றுக்காகத்தான்.

"ஜாக்கிய எங்கல? பி-ன்னு போட்டிருக்கு?"

டச்சில் ராசாவுக்கு ஹேர், ராணிக்கு ஃப்ரவ், ஜாக்கிக்கு பூர் என்று சொன்னேன். பூர் என்றால் விவசாயி.

"சம்சாரியா?" அப்பா அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப சம்சாரிதான் ராசாவ வெட்டுதான். இத்தன வருசம் தெரியாம வெட்டிக்கிட்டு இருந்திருக்கோம்."

அக்கா மகன் அப்பாவுக்கு ஜோடி. எனக்கு எதிரே ஆளில்லை. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுக்களையில் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கையைச் சேலையில் துடைத்தபடி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்பா கலைத்து, ஆளுக்கு நாலாகப் போட்டார். நான் கையிலிருந்த நாலையும் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தேன். அம்மா தன் சீட்டுகளைச் சேர்த்துப் பிடித்து, ஓரத்தை மட்டும் லேசாக விரித்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"நூத்தி எழுவது" என்றாள்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கிய? அந்தத் திண்ணைக்கு ஜன்னல் இந்தப் பக்கந்தான இருக்கு" என்று சொல்லி, ஒரு சீட்டை உருவிப் பாயில் கவிழ்த்து வைத்தாள்.